கணனிகளின் கையில் இருக்கும் திறப்புகள்

கிண்ணியாவிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அரிசி ஆலை நடத்துபவர். கணக்கு, இருப்பு இரண்டையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறாராம். “எல்லாம் கிளவுட்டில் இருக்கிறது. கடவுச்சொல் எனக்கும் என் மகனுக்கும் மட்டும்தான் தெரியும். இதற்கு மேல் பயப்பட ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. அவருக்கும் மகனுக்கும் தெரிந்த கடவுச்சொல் ஒன்றுதான். அவர்கள் இருவருமே கண்ணால் காணாத கடவுச்சொற்கள் அந்த மென்பொருளுக்குள் பல இருக்கும். அவை மனிதர்களுக்கானவை அல்ல, கணனிகளுக்கானவை. இந்த வாரம் அவற்றைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். நான் கணனி படித்தவன் அல்லன். சாதாரணதரம் வரை படித்து, வாப்பாவின் கடையில் மூட்டை எண்ணத் தொடங்கியவன். ஆனால் இந்த விடயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

கிளவுட் என்றதும் வானத்தில் எங்கோ இருப்பதாக நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது வேறொருவருடைய கட்டடத்தில் நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் கணனி, அவ்வளவுதான். கட்டடம் மும்பாயில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம். அரிசி ஆலைக்காரரின் மென்பொருளும் ஒரே துண்டாக ஓரிடத்தில் இருப்பதில்லை. பில் போடும் பகுதி ஒன்று, கணக்குகளைச் சேமித்து வைக்கும் பகுதி ஒன்று, வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் பகுதி ஒன்று, இரவில் பிரதி எடுக்கும் பகுதி ஒன்று. இவை ஒன்றோடொன்று நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருக்கின்றன. பேசும் ஒவ்வொரு தடவையும் ஒன்று மற்றதிடம் “நீ யார்?” என்று கேட்கும். மற்றது தன்னிடமுள்ள ஒரு நீண்ட எழுத்துக் கோவையைக் காட்டும். அந்தக் கோவைதான் அதன் அடையாள அட்டை, அதுவேதான் திறப்பும். ஏபிஐ கீ என்றும், அக்சஸ் கீ என்றும், டோக்கன் என்றும், சேர்ட்டிபிகேட் என்றும் பல பெயர்களில் சொல்வார்கள். செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றே.

திருகோணமலைக்காரருக்கு பாஸ் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் பாஸ் இல்லாமல் ஒரு மீனவன் கடலுக்குள் தோணியை இறக்க முடியாது. இன்றைக்கும் துறைமுக வாசலில் சாரதிக்கு ஒரு அனுமதி, லொறிக்கு ஒரு அனுமதி என்று இரண்டு வேண்டும். ஆனால் வாசலில் நிற்பவர் பாஸைப் பார்த்துவிட்டு முகத்தையும் பார்ப்பார். “இது நம்ம ஆள் இல்லையே” என்று ஒரு சந்தேகம் வந்தால் நிறுத்திவைப்பார். கணனிக்கு முகம் கிடையாது. சரியான எழுத்துக் கோவையை யார் காட்டுகிறாரோ அவர்தான் உரியவர். காட்டுபவர் திருடனாக இருந்தாலும் வாசல் திறக்கும், சலாமும் கிடைக்கும்!

இதில் நம் நாடும் சம்பந்தப்பட்ட பெரிய சம்பவம் 2016 பெப்ரவரியில் நடந்த பங்களாதேஷ் மத்திய வங்கிக் கொள்ளை. அது கிளவுட்டில் நடந்ததல்ல. ஆனால் ஒரு கணனி இன்னொரு கணனியின் அடையாளத்தை நம்புவது என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

உலக வங்கிகள் ஒன்றுக்கொன்று பணக் கட்டளை அனுப்புவது ஸ்விஃப்ட் என்ற வலையமைப்பு மூலம். பங்களாதேஷ் வங்கி தன்னுடைய டொலர்களை நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் வைத்திருந்தது. ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே, வேலை கேட்டு விண்ணப்பிப்பவர் போல மின்னஞ்சல் அனுப்பித் திருடர்கள் டாக்காவிலுள்ள வங்கியின் கணனிகளுக்குள் நுழைந்துவிட்டார்கள். ஸ்விஃப்ட் கட்டளை அனுப்பும் கணனியைத் தேடிப் பிடித்து, அதை இயக்குவதற்கான அடையாளங்களையும் கைப்பற்றினார்கள். பெப்ரவரி 4, வியாழன் இரவு. பங்களாதேஷில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அமெரிக்காவில் சனியும் ஞாயிறும் விடுமுறை. அடுத்த திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு, பிலிப்பைன்ஸ் வங்கிகளுக்கு விடுமுறை. நாட்களை எண்ணித்தான் இறங்கியிருக்கிறார்கள்.

அன்றிரவு 35 கட்டளைகள் போயின. மொத்தம் 951 மில்லியன் டொலர். நியூயோர்க்கிலிருந்த கணனியைப் பொறுத்தவரை அவை போலிக் கட்டளைகள் அல்ல. உரிய இடத்திலிருந்து, உரிய அடையாளத்தோடு வந்தவை. ஐந்து கட்டளைகள் நிறைவேறின. 81 மில்லியன் டொலர் மணிலாவுக்குப் போனது. 20 மில்லியன் டொலர் கொழும்பிலுள்ள ஒரு வங்கிக்கு, ஷாலிகா பவுண்டேஷன் என்ற அமைப்பின் பெயருக்குப் புறப்பட்டது.

அந்த 20 மில்லியன் திரும்பிப் போனதற்குக் காரணம் ஓர் எழுத்துப் பிழை. பவுண்டேஷன் என்று எழுதவேண்டிய இடத்தில் ‘பண்டேஷன்’ என்று இருந்ததாகவும், இடையில் நின்ற டொய்ச் வங்கி சந்தேகப்பட்டு டாக்காவிடம் விளக்கம் கேட்டதாகவும் ரொய்ட்டர்ஸ் அந்த மார்ச்சில் செய்தி வெளியிட்டது. அத்தனை கணனிகளும் கதவைத் திறந்துவிட்ட பிறகு, கடிதத்தை வாசித்த மனிதக் கண் ஒன்று தடுத்தது. மணிலாவுக்குப் போனதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் சென்று மறைந்தது. சுமார் 15 மில்லியன் டொலர்தான் அந்த வருடமே டாக்காவுக்குத் திரும்பியது. பங்களாதேஷ் வங்கியின் ஆளுநர் பதவி விலகினார். அடுத்த வருடம், 2017 ஒக்டோபரில், தாய்வானின் ஃபார் ஈஸ்டர்ன் இன்டர்நேஷனல் வங்கியிலும் இதே முறையில் ஸ்விஃப்ட் கட்டளைகள் அனுப்பப்பட்டன. அதிலும் ஒரு பங்கு பணம் வந்து சேர்ந்த இடம் இலங்கை.

“அது மத்திய வங்கி, நமது கடையில் என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்களுக்காகத்தான் என் சொந்தக் கதை.

உட்துறைமுக வீதிப் பக்கம் எனக்கு மொத்தக் கடை. அரிசி, மா, சீனி, பருப்பு. மூதூர், கிண்ணியா, புல்மோட்டை வரை சில்லறைக் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பது வழக்கம். சில வருடங்களுக்கு முன் நமது ஊர்ப் பொடியன் ஒருவன் ஒரு மென்பொருள் எழுதித் தந்தான். கெட்டிக்காரன், நேர்மையானவன், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். பில் போட்டவுடன் கடைக்காரரின் தொலைபேசிக்குக் கடையின் பெயரிலேயே மீதிக் கணக்கு எஸ்.எம்.எஸ். போகும். அனுப்பும் சேவையை ஒரு கம்பனியிடம் வாங்கியிருந்தோம். அந்தக் கம்பனி கொடுத்த திறப்பை அவன் மென்பொருளுக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டான். பிறகு கட்டாருக்கு வேலை தேடிப் போகும்போது, தன் திறமையைக் காட்டுவதற்காக அந்த மென்பொருளை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கிறான். திறப்பும் சேர்ந்தே போய்விட்டது. ஸ்டோர் கதவைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டியவன், கதவில் தொங்கிய திறப்பை எடுக்க மறந்த மாதிரி.

இப்படி வெளியே வரும் திறப்புகளைப் பொறுக்குவதற்கென்றே தானாக இயங்கும் நிரல்களை விட்டிருக்கிறார்கள். சில நிமிடங்களிலேயே எடுத்துவிடும். ஒரு நோன்பு மாதக் கடைசியில், இரவோடிரவாக என் வாடிக்கையாளர்களுக்கு என் கடைப் பெயரில் செய்தி போயிருக்கிறது. பெருநாள் பரிசு விழுந்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்தி வங்கி விபரத்தைக் கொடுங்கள் என்று. பெரும்பாலானோர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். மூதூரில் வீட்டு முன்னறையில் சிறு கடை வைத்திருக்கும் ஒரு ராத்தா நம்பிவிட்டார். கணவர் இல்லாதவர். பதினெட்டாயிரம் ரூபாய் போய்விட்டது. “உங்கட பேர்ல வந்ததாலதான் தம்பி நம்பினேன்” என்று அவர் சொன்ன சொல்லுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பணத்தை நான் கொடுத்துவிட்டேன். வாப்பா நாற்பது வருடமாகச் சேர்த்த பெயர் அது. ஓர் இரவில் வேறொருவன் அதை எடுத்துப் பாவித்திருக்கிறான்.

அடுத்த சங்கடம் மறுநாள் காலை வந்தது. எஸ்.எம்.எஸ். கம்பனி பழைய திறப்பை முடக்கிப் புதியது தந்தது. முடக்கிய உடனே பில் போடும் கணனி நின்றது. ஸ்டோரில் தராசோடு இணைத்திருந்த கணனி நின்றது. லொறிப் பொடியன் கையிலிருந்த தொலைபேசியும் நின்றது. மூன்றுக்கும் ஒரே திறப்பு! எங்கெங்கே எழுதியிருக்கிறது என்பது கட்டாரிலிருந்த பொடியனுக்கே முழுமையாக நினைவில்லை. பெருநாளுக்கு முன் இரண்டு நாள் நாங்கள் கொப்பியில் பில் எழுதினோம். நாட்டாமிமார் சிரித்தார்கள்.

பெரிய இடங்களிலும் கதை இதுதான் என்று பிறகு வாசித்தறிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். டொயோட்டா கம்பனியின் வாகனச் சேவையொன்றுக்கு மென்பொருள் எழுதிய துணை ஒப்பந்தக்காரர், தரவுக் கணனியின் திறப்போடு அதைக் கிட்ஹப் தளத்தில் பகிரங்கமாகப் போட்டுவிட்டார். 2017 டிசெம்பரில் போட்டது 2022 செப்டெம்பர் வரை அங்கேயே இருந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருடம். 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருக்கக்கூடும் என்று அந்த ஒக்டோபரில் கம்பனி அறிவித்து மன்னிப்புக் கேட்டது. அந்த ஐந்து வருடத்தில் ஒரு தடவையாவது திறப்பை மாற்றியிருந்தால் பழைய திறப்பு வெறும் இரும்பாகியிருக்கும்.

அமெரிக்காவின் கெபிட்டல் வன் வங்கிக்கு 2019இல் நடந்தது வேறு மாதிரி. அங்கே திறப்பை யாரும் வெளியே போடவில்லை. அமேசன் கிளவுட்டில் ஒவ்வொரு கணனிக்கும் உள்ளேயே ஒரு ‘அலுவலகம்’ உண்டு. 169.254.169.254 என்ற முகவரியில் கேட்டால், அந்தக் கணனிக்குரிய தற்காலிகத் திறப்பை அது கொடுக்கும். வெளியிலிருந்து யாரும் அங்கே நேரே போக முடியாது. ஆனால் வங்கியின் வாசலில் காவலுக்கு நிறுத்தியிருந்த கணனியை ஏமாற்றி, “நீ உள்ளே போய்க் கேட்டு வந்து என்னிடம் கொடு” என்று செய்விக்க ஒருவருக்கு முடிந்தது. காவலாளிக்குக் கிடைத்த திறப்பு வாசலுக்கு மட்டும் என்றால் இழப்பு சிறிதாக இருந்திருக்கும். அது களஞ்சியங்களையும் திறந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விபரங்கள் போயின. 2020இல் அரசாங்கக் கண்காணிப்பாளர் வங்கிக்கு 80 மில்லியன் டொலர் அபராதம் விதித்தார். அந்த உள் அலுவலகம் இலகுவில் ஏமாறாதபடி 2019 நவம்பரில் அமேசன் புதிய முறையைக் கொண்டுவந்தது. என்றாலும், காவலாளிக்கு ஏன் களஞ்சியத் திறப்பு என்ற கேள்விக்கு அமேசன் பதில் சொல்ல முடியாது. அது கடைக்காரர் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதல் வேலை எண்ணுவது. நமது பொருட்களை வருடத்துக்கு ஒரு தடவை எண்ணி எழுதுகிறோமே, அதுபோல எந்தக் கணனி, எந்தச் சேவை, யாருடைய திறப்பு, எப்போது வாங்கியது, எங்கே வைத்திருக்கிறது என்று ஒரு கடதாசியில் எழுதவேண்டும். திறப்பையே எழுதக்கூடாது, அதன் பெயரை மட்டும். நான் எழுதத் தொடங்கியபோது மூன்று என்று நினைத்தேன், பதினொன்று வந்தது. அதில் இரண்டு, நாங்கள் விட்டு இரண்டு வருடமான சேவைகளுடையவை. கூலி வாங்காமல் ஸ்டோரில் படுத்திருக்கும் ஆள் மாதிரி அவையும் உயிரோடு இருந்தன.

பிறகு, ஒவ்வொரு கணனிக்கும் தனித்தனித் திறப்பு. இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். ஒன்று களவு போனால் அதை மட்டும் முடக்கலாம், மற்ற வேலை நிற்காது. யார் வழியாகப் போனது என்பதும் தெரியும். அந்தத் திறப்பு அந்தக் கணனியின் வேலைக்கு மட்டும் பொருந்தவேண்டும். எஸ்.எம்.எஸ். அனுப்புகிற பகுதிக்கு வாடிக்கையாளர் கணக்கை அழிக்கும் அதிகாரம் எதற்கு? கிளவுட் கணக்கைத் திறந்தவருக்கே உரிய ரூட் என்னும் முதலாளி அடையாளம் ஒன்று உண்டு. அதற்கு எல்லா அதிகாரமும் இருக்கும். அதன் பெயரில் மென்பொருளுக்குத் திறப்பு வெட்டிக் கொடுப்பது, கடையை உறுதியோடு எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

அடுத்தது, நாட்பட்ட திறப்பே இல்லாமல் செய்வது. இப்போது பெரிய கிளவுட் கம்பனிகள் எல்லாம், கணனி ஒன்றுக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டு, வேலை வரும்போது மட்டும் சில மணித்தியாலங்களுக்குச் செல்லுபடியாகும் தற்காலிகத் திறப்பை வழங்குகின்றன. நேரம் முடிந்தால் அது தானாகவே செத்துவிடும். திருடியவன் நாளைக்குப் பாவிக்க முடியாது. தவிர்க்க முடியாமல் நிரந்தரத் திறப்பு வேண்டுமென்றால், அதைப் பூட்டி வைப்பதற்கென்றே பெட்டகச் சேவைகள் இருக்கின்றன. மென்பொருளின் வரிகளுக்குள் எழுதுவதும், வட்ஸ்அப்பில் அனுப்புவதும் கூடாது. வட்ஸ்அப்பில் அனுப்பினால் யார் யாருடைய தொலைபேசிகளில் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆள் விலகிப் போனால் அன்றைக்கே திறப்பை மாற்றுங்கள். இதைச் சொன்னால் சிலர் முகம் கோணுகிறார்கள், “நம்ம பிள்ளையைச் சந்தேகப்படுவதா?” என்று. என் பொடியனை நான் சந்தேகப்படவில்லை. அவன் களவெடுக்கவும் இல்லை. அவன் கையில் அந்தத் திறப்பு இருந்தது, அதுதான் பிரச்சினை. அமானிதத்தை வாங்கிவைக்கத் தெரிந்த நாம், உரிய நேரத்தில் திருப்பி வாங்கவும் கூச்சப்படக்கூடாது.

செலவு எச்சரிக்கையையும் போட்டுவையுங்கள். கிளவுட் திறப்பைத் திருடுபவர்கள் பலர் நமது கணக்கைப் பார்க்க வருவதில்லை. நமது பெயரில் பெரிய கணனிகளை வாடகைக்கு எடுத்து, மெய்நிகர் நாணயம் தோண்டிவிட்டுப் போகிறார்கள். பில் டொலரில் நமக்கு வரும். இன்ன தொகையைத் தாண்டினால் செய்தி அனுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி இருக்கிறது. யார் எந்தத் திறப்பால் என்ன செய்தார் என்ற பதிவேட்டையும் திறந்துவைக்கச் சொல்லுங்கள். பங்களாதேஷ் வங்கியில், கட்டளைகளை அச்சடிக்கும் பிரிண்டரையே திருடர்கள் முடக்கினார்கள். வெள்ளிக்கிழமை வந்த ஊழியர்கள் இயந்திரக் கோளாறு என்று நினைத்தார்கள். பதிவேட்டை, அதே திறப்பால் அழிக்க முடியாத வேறொரு இடத்தில் வைப்பது அதனால்தான்.

பிரதிக்கும் இதே விதி. 2023 ஓகஸ்டில் நமது அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வகைத் தாக்குதல் நடந்தது. சேவையைத் திரும்ப இயக்கிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஐயாயிரம் வரையான முகவரிகள் பாதிக்கப்பட்டன. பிரதிகளும் அதே வலைக்குள் இருந்ததால் அவையும் சேர்ந்தே பூட்டப்பட்டன. வலைக்கு வெளியே தனியாக ஒரு பிரதி இருக்கவில்லை. வீட்டையும் பெட்டகத்தையும் ஒரே திறப்பு திறக்குமென்றால் பெட்டகம் எதற்கு?

சேர்ட்டிபிகேட் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத் தளங்கள் தம்மை நிரூபிக்கும் இந்த அடையாளத்துக்குக் காலாவதித் திகதி உண்டு. நீண்ட காலம் 398 நாள் வரை கொடுத்தார்கள். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று 2025 ஏப்ரலில் தீர்மானித்திருக்கிறார்கள். ஆகவே நாட்காட்டியில் குறித்துவைத்து ஆள் போய் மாற்றும் வேலை சரிவராது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவையுங்கள். இல்லாவிட்டால் ஒரு காலை உங்கள் தளம் திறக்காது, களவு ஏதும் நடக்காமலேயே கடை பூட்டப்பட்டிருக்கும்.

சட்டமும் பக்கத்தில் வந்து நிற்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விபரங்களை வைத்திருப்பவர் அவற்றைப் பாதுகாக்கவேண்டும் என்று சொல்கிறது. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. கடன் கொப்பியில் இருக்கும் பெயரும் தொலைபேசி இலக்கமும் பிறருடைய விபரங்கள்தான்.

கிண்ணியாச் சகோதரருக்கு: மென்பொருள் கம்பனியிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள். என் தரவைத் தொடக்கூடிய கணனி அடையாளங்கள் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் என்ன அதிகாரம்? கடைசியாக எப்போது திறப்புகளை மாற்றினீர்கள்? உங்கள் ஊழியர் விலகினால் என்ன செய்வீர்கள்? என் பிரதி எந்தத் திறப்பின் கீழ் இருக்கிறது? “எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது, பயப்படாதீர்கள்” என்று மட்டும் பதில் வந்தால், மாத வாடகையைக் கட்டுவதற்கு முன் இன்னொரு கம்பனியிடமும் விலை கேட்டுப் பாருங்கள். கிடைத்த பதிலை எனக்கும் எழுதுங்கள்.

மூதூர் ராத்தா இப்போதும் என் வாடிக்கையாளர்தான். எஸ்.எம்.எஸ். வந்தால் நம்புவதில்லை. கடைக்குத் தொலைபேசி எடுத்து, “இது நீங்கதானா?” என்று கேட்ட பிறகுதான் காசு அனுப்புகிறார்.